கறிக்கோழித் தீவனத்தில் என்சைம்... பயப்பட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் பல வீடுகளில் கோழிக் குழம்பு கொதிக்கும். கூடவே, ‘இந்த பிராய்லருக்கு என்னத்தைப் போட்டு வளர்க்கிறார்களோ?’ என்ற சந்தேகமும் எழும். தீவனத்தில் ‘என்சைம்’ கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பயம் இன்னும் கூடும்.

என்சைம் என்பது நொதி. அது ஹார்மோனும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. நம் எச்சிலில் இருந்துகொண்டு சோற்றின் மாவுச்சத்தை உடைக்கிறதே அமைலேஸ், அதுபோன்ற ஒரு புரதம். கோழியின் குடலில் வேலை முடிந்ததும் மற்ற புரதங்களைப் போலவே செரித்துவிடும்.

ஏன் சேர்க்கிறார்கள்?

கறிக்கோழி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அதில் முக்கியமானவை மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். 2021-ல் சோயா விலை எகிறியபோது, 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதிக்க வேண்டியிருந்தது.

இப்படி விலை ஏறும்போது மக்காச்சோளத்தையும் எண்ணெயையும் கொஞ்சம் குறைத்து, தவிடு சேர்த்து, எரிசக்தி குறைந்த தீவனம் தயாரிக்கிறார்கள். தவிட்டில் உள்ள நாரைக் கோழியால் செரிக்க முடியாது. சைலனேஸ் என்ற என்சைம் அந்த நாரை உடைத்து, உள்ளே சிக்கியிருக்கும் சத்தை வெளியே கொண்டுவரும். ஃபைட்டேஸ், தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும்.

எங்கே சிக்கல்?

என்சைம் புதிதாகச் சத்தை உருவாக்காது, இருப்பதைத்தான் எடுத்துக்கொடுக்கும். எரிசக்தியை அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டில் என்சைம் செயலிழந்தாலோ, கோழி நிறையத் தின்னும், எடை ஏறாது.

அந்த அடி ஒப்பந்தப் பண்ணையாளர் தலையில் விழும். குஞ்சும் தீவனமும் கம்பெனி தருவது. கொட்டகையும் உழைப்பும் அவருடையது. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் செலவானது என்ற கணக்கை வைத்தே வளர்ப்புக்கூலி கூடும், குறையும். 2 கிலோ கோழி 3.2 கிலோ தின்றிருந்தால் கணக்கு 1.6. அதுவே 3.6 கிலோ தின்றிருந்தால் 1.8. தீவனத்தைத் தயாரித்தது அவர் இல்லை. கூலி குறைவது அவருக்கு!

அதனால் வாரம் ஒருமுறை சில கோழிகளை எடைபோட்டு, தின்ற தீவனத்தோடு சேர்த்து எழுதி வைப்பது நல்லது. ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் தீவனத்தைத் தேதியிட்டு எடுத்து வைக்கலாம். சந்தேகம் வந்தால் பரிசோதிக்க, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

என்சைமை நினைத்துக் குழம்பைத் தள்ளி வைக்க வேண்டாம். நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கணக்குப் பார்க்க வேண்டியது பண்ணையில்தான்.