ஃபோல்டர் திறக்கலையா? பதறாதீங்க!

பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டி திறக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம், சகோதரிகளே? பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, சாவி மாறிவிட்டதா என்று பார்ப்போம். பெட்டியோடு தூக்கி எறிய மாட்டோம். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறக்க மறுத்தால் மட்டும் கை நடுங்கி, திரையில் வரும் எந்தக் கேள்விக்கும் 'ஓகே' கொடுத்துவிடுகிறோம். நஷ்டம் அங்கேதான் வருகிறது.

எங்கள் செவிலிமேட்டில் தறி இருக்கிற வீடுகளில் இப்போது பென் டிரைவும் இருக்கிறது. முன்பு கட்டம் போட்ட தாளில் வரைந்த கரை, முந்தானை டிசைன்களைப் பல இடங்களில் இன்று கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, குழந்தையின் பள்ளி அட்மிஷனுக்காகக் காகிதங்கள் பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கடையில் கொடுத்து வாங்கி வந்தாள். வீட்டில் செருகினால் ஒரு ஃபோல்டரும் சரியாகத் திறக்கவில்லை. "ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றாங்க அக்கா. அவர் போட்ட டிசைனும் பாப்பா போட்டோவும் அதுலதான் இருக்கு" என்று கண் கலங்கி வந்து நின்றாள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஃபோல்டர் என்பது உண்மையில் பெட்டி அல்ல. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்ற பட்டியல். பட்டியல் கிழிந்தாலும் சாமான் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். 'ஃபார்மட்' செய்தால் பழைய பட்டியலை அழித்து வெற்றுப் பட்டியல் எழுதிவிடும். பாவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு இணைப்போமே தவிர, பாவையே அறுத்துப் போடுவோமா? ஆகவே ஃபார்மட் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள்.

இனி நோய்க்கு ஏற்ற மருந்து.

1. ஃபோல்டர் படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கே.பி. மட்டும்: இது ஷார்ட்கட் வைரஸ். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் போலியை வைத்திருக்கிறது. அந்தப் போலியைத் தொடாதீர்கள்; திறந்தால் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் புகும். 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' போய், 'ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுங்கள். மறைந்திருந்தவை மங்கலாகத் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் பத்திரமாக இருக்கும். போட்டோ, டிசைன், காகிதங்களை மட்டும் வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டரால் கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் ஸ்கேன் செய்யுங்கள். காப்பி செய்தவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம். எடுத்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு இதுதான் கை கொடுத்தது.

2. 'ஆக்ஸஸ் டினைடு' என்று வருகிறது: பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கைப் புதியதில் மாட்டினால் இப்படி வரும். உள்ளே இருப்பது கெட்டுப்போகவில்லை. சொந்தக்காரர் பெயர்தான் மாறியிருக்கிறது. 'கன்டினியூ' கேட்டால் கொடுங்கள். போதாவிட்டால் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு' என்று போய், 'ஓனர்' இடத்தில் உங்கள் கணக்கின் பெயரைப் போடுங்கள்.

3. திறக்கிறது, ஆனால் பால் பொங்குகிற நேரம் ஆகிறது: ஆயிரக்கணக்கில் போட்டோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் குட்டிப் படம் தயாரிக்கிற தாமதம். 'ப்ராப்பர்ட்டீஸ்', 'கஸ்டமைஸ்' போய், 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். வருஷ வாரியாகப் பிரித்து வைத்தால் இன்னும் நல்லது.

4. ஃபைல் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கிறது: பழைய எழுத்துருவில் தட்டியது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு முறை இருந்தது. அந்த எழுத்துருவைப் போட்டாலோ, யூனிகோடுக்கு மாற்றினாலோ தெளிவாகிவிடும்.

5. 'கரப்டட்' என்று வருகிறது, அல்லது டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம்: இதில் கைவைத்தியம் வேண்டாம். சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். புதிதாக எதையும் அதில் சேமிக்காமல், டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வந்தபின் பார்ப்பதைவிட வருமுன் காப்பது மேல். முக்கியமானவை மூன்று பிரதி இருக்கட்டும். இரண்டு வேறு வேறு சாதனத்தில். ஒன்று வீட்டுக்கு வெளியே, அம்மா வீட்டிலோ கூகுள் டிரைவிலோ. கடைக்கு எடுத்துப்போகத் தனியாக ஒரு பென் டிரைவ் வைத்து, பிரிண்டுக்கு வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டதால், முடிந்தவர்கள் 11-க்கு மாறுவது நல்லது.

இன்று மதியம் பிள்ளை தூங்குகிற நேரத்தில் ஓர் அரைமணி ஒதுக்குங்கள். தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், முதல் பிறந்தநாள் போட்டோ, வீட்டுக்காரரின் தொழில் கணக்கு, இந்த நாலையும் இன்னொரு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கலாம். பாப்பாவோட முதல் சிரிப்பை எந்த ஆபீஸில் போய் வாங்குவீங்க?