திவால் வழக்கறிஞரின் பழைய வழக்குகள்



அமெரிக்காவில் விளம்பரத்தை நம்பித் திவால் வழக்கறிஞரை அமர்த்தும் பலருக்கு, அவருடைய பழைய வழக்குகள் 'பேசர்' என்ற கூட்டாட்சி நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பது தெரிவதில்லை. பார்க்கப் பக்கத்துக்கு 10 சென்ட்தான் கட்டணம். மூன்று மாதத்தில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் அதுவும் கிடையாது.

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை திவால் சட்டத்தின் 13-ஆம் அத்தியாய வழக்குகள். இவற்றில் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் தவணை கட்டி முடித்தால்தான் கடனிலிருந்து விடுதலை. வேலை பறிபோய்த் தவணை நின்ற வழக்குக்கு வழக்கறிஞரைக் குறை சொல்வது நியாயமல்ல. ஆனால், படிவங்களைத் தாக்கல் செய்யாததாலேயே வழக்குகள் அடுத்தடுத்துத் தள்ளுபடியாகியிருந்தால், அவரிடம் போகவே கூடாது.

திவால் சட்டத்தின் 329-ஆம் பிரிவுப்படி அவர் பெற்ற கட்டணமும் பதிவேட்டில் இருக்கும். அதிகமென்றால் நீதிமன்றம் திருப்பித் தரச் சொல்லலாம். இணைய வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற அலுவலகக் கணினியிலேயே இவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

— ஒரு வாசகர்