சந்தைக்குள்ளே எங்களுக்கு எத்தனை அடி?

'நகர மையத்தின் வணிக வளர்ச்சி' என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. வேப்பமூட்டிலிருந்து மணிமேடை வரைக்கும், வடசேரியிலிருந்து கோட்டாறு வரைக்கும் கடை பெருகணும், ரோடு அகலணும், ஊர் பளபளக்கணும். யார் வேண்டாம்ணு சொன்னா? நாங்கள் கேட்பது ஒரே கேள்விதான். அந்தப் படத்தில் கடவம் வைத்து மரச்சீனிக்கிழங்கு விற்கிறவள் எங்கே உட்காருவாள்?

இந்த மண்ணில் கடைத்தெரு என்பது எப்போதும் சாதியின் இடமாகவே இருந்திருக்கிறது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை இது திருவிதாங்கூர் மண், கடைசியில் சில வருடம் திரு-கொச்சி. அடிமைமுறை 1855இல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் புலையனும் பறையனும் சந்தைக்குள் நுழைய முடியாமல், தூர நின்று காசை வைத்துவிட்டு விலகி, வீசி எறிந்த சரக்கை எடுத்துப்போன கதையை மட்டீர் போன்ற மிஷன் பாதிரிகள் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். 1893இல் அய்யன்காளி வெங்கானூரில் வில்லுவண்டி பூட்டிப் பொதுச்சாலையில் போனது ஊர்வலத்துக்காக அல்ல. சாலையும் சந்தையும் எங்களுக்கும் உரியது என்று சொல்வதற்காக. பக்கத்திலேயே சுசீந்திரத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு 1926இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயிலுக்குள் போக அல்ல, தெருவில் நடக்க!

இதே மாவட்டத்தில் தோளில் துணி போட்டதற்காக அடிபட்டவர்களின் போராட்டம் 1859இல் அரச விளம்பரத்தை வாங்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கடைத்தெருவில் முதலாளிகளாக இருக்கிறார்கள். சந்தோஷம்தான். அந்த உயர்வு எப்படி வந்தது? வடக்கே விருதுநகரிலும் சிவகாசியிலும் அவர்களுடைய இனத்தார் பேட்டை கட்டினார்கள், மகமை சேர்த்தார்கள். சரக்கை இறக்கிவைக்க ஓர் இடம், கைகொடுக்க ஒரு பொதுநிதி. இடமும் முதலும் கிடைத்தபின்தான் முதுகு நிமிர்ந்தது. எங்களுக்கு இடமும் இல்லை, முதலும் இல்லை. வாங்குகிறவனாகக் கடைக்குள் போகலாம் என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்கிறது. விற்கிறவனாக உட்கார யார் இடம் தருவது?

இனித் திட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் வரைகிறார்கள். குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று நிலம் பிரிகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வணிக நிறம் விழுந்த இடத்தில் நிலத்தின் விலை ஏறும். ஏறிய விலை யாருக்கு? ஏற்கெனவே நிலம் உள்ளவனுக்கு. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்குமேல் நெருக்கியடித்து வாழ்கிற மாவட்டம் இது. நிலம் உள்ளவனுக்குத் திட்டம் வரம், நிலம் இல்லாதவனுக்கு நோட்டீஸ். ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டுதான். அரசிதழையும் அந்த வரைபடத்தையும் எங்க காலனியில் எவன் கொண்டுவந்து காட்டினான்?

'நெரிசல் இருக்கே' என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நெரிசலை யார் உண்டாக்கினார்கள் என்று அளந்து பாருங்கள். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வேண்டும். கடவத்தோடு ஒரு பெண் உட்கார ஒரு சதுர மீட்டர் போதும். ஒரு காருக்கு விட்ட இடத்தில் பத்துப் பெண்கள் பிழைக்கலாம். வணிகக் கட்டடம் தன் எல்லைக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் விடணும்ணு 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சொல்கின்றன. விடாதவன் கட்டடம் நிற்கிறது. 'ஆக்கிரமிப்பு' என்ற பெயர் மட்டும் கிழங்குக்காரிக்கு!

2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை எவரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். இடமாற்றத்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஐம்பது வருடம் கடந்த இயல்பான சந்தையை மரபுச் சந்தை என்று அறிவித்து, அங்குள்ளவர்களைத் தொடக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், தலித்துகளுக்கு உரிய இடம். மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை இடம் தரலாம். 2011 கணக்கில் நாகர்கோவிலின் மக்கள்தொகை 2,24,849. அப்படியானால் 5,600 பேருக்குச் சட்டம் இடம் சொல்கிறது. எங்கே அந்த 5,600 இடம்? படத்தில் காட்டுங்கள்.

குமரி மாவட்டத்தில் தலித்துகள் நூற்றுக்குச் சுமார் நான்கு பேர். தமிழ்நாடு முழுக்க இருபது பேர். இதுதான் சங்கதி. ஓட்டுக்கு நாங்கள் போதாது. அதனால் எந்தக் கட்சிக்காரனும் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தமாட்டான். 2019இல் ஊர் மாநகராட்சி ஆனது, 52 வார்டு வந்தது. நாங்கள் கூட்டிச் சுத்தம் செய்கிற தெரு நீண்டது. அந்தத் தெருவில் கடை வைக்கிற உரிமை நீளவில்லை. கூட்ட வரும்போது நகரத்தின் நடுவில் இருக்கலாம், விற்க வரும்போது கூடாதாம். இதற்குப் பெயர் திட்டமா, தீண்டாமையா?

கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் அம்பேத்கர். கிராமம் சாதியின் பொந்து என்பதை 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே போட்டு உடைத்தார். நகரத்துக்கு வந்தோம். நகரமும் நடுவில் ஊர், ஓரத்தில் சேரி என்று வரைந்தால் எங்கே போவது?

எங்களுக்குப் பிச்சை வேண்டாம். படிப்பிலும் அரசு வேலையிலும் 18 விழுக்காடு என்றால், பேருந்து நிலையத்துக் கடையிலும் சந்தைக் கடையிலும் யார் பெயரில் எத்தனை, யார் உண்மையில் நடத்துகிறார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டு ஏலத்தை மூடாதீர்கள். வரைபடத்தைக் காலனிக்குக் கொண்டுவந்து தமிழில் விளக்குங்கள். விற்பனை இடத்தை அண்ணா பேருந்து நிலையத்துக்கும் வடசேரிக்கும் பக்கத்திலேயே, ஆள் நடக்கிற வழியில் குறியுங்கள்; ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் அல்ல. ஆள் வராத இடத்தில் கொடுத்த கடை, கடை இல்லை, தண்டனை.

"எங்கள எந்திச்சுப் போவச் சொல்லுதீயளே, கிழங்கு வாங்குகவிய எங்க வருவாவ?" அலுவலகத்து மேசையில் படம் வரைகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் எழுதட்டும். பிறகு நிறம் பூசலாம்.