அறியாத யந்திரத்துக்கு அடிமையாவதா?

தேச சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் நம்மிடையே பலர் உளர். தம் மேஜைமீதுள்ள யந்திரத்தின் விஷயத்தில் தாம் சுதந்திரர்தாமா என்று கேட்டுக்கொள்வோர் மிகச் சிலரே. கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்று பட்டா நகல் வேண்டுமாயினும், வருமானச் சான்றிதழ் வேண்டுமாயினும், பிள்ளைகளின் பரீக்ஷை முடிவு தெரியவேண்டுமாயினும் கணினியின் வாயிலாகவே பெறவேண்டியிருக்கிறது. கட்சிக் காரியாலயங்களின் அங்கத்தினர் ஜாபிதா, நன்கொடைக் கணக்கு, கடிதப் போக்குவரத்து யாவும் அதனுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. இவ்வளவையும் ஒரு யந்திரத்திடம் ஒப்புவித்துவிட்டு, அது எவ்வாறு வேலை செய்கிறது, அதன் திறவுகோல் யார் கையில் இருக்கிறது என்பவற்றை அறியாதிருப்பது விவேகமாகுமா? ஆகாது என்பதே நமது துணிந்த அபிப்பிராயம். வண்டியோட்டுகிறவன் தச்சனாயிருக்க வேண்டுவதில்லை. ஆயினும் அச்சாணி எது என்றாவது அவன் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

முதலில் கணினியின் உடலைப் பார்ப்போம். அதனுள் முக்கியமானவை மூன்று. ஒன்று, கணக்கிடும் பிராஸஸர். பூஜ்யம், ஒன்று என்ற இரண்டே குறிகளைக் கொண்டு இது எல்லா வேலைகளையும் செய்கிறது. இரண்டாவது, ராம் எனப்படும் தற்கால நினைவகம். வேலை நடக்கும்பொழுது காகிதங்களைப் பரப்பிவைக்கும் மேஜையை ஒத்தது இது. மின்சாரம் நின்றால் மேஜைமேல் உள்ளவை யாவும் மறைந்துவிடும். மூன்றாவது, சேமிப்புத் தட்டு. இது பத்திரப் பெட்டி. மின்சாரம் நின்றாலும் இதில் வைத்தவை நிற்கும். ஆகையால் எழுதியதை அடிக்கடி சேமிக்கவேண்டும் என்ற விதி, புயலுக்கும் மின்தடைக்கும் பழகிய நம் கடற்கரை ஜில்லாவுக்கு மிகவும் பொருந்தும். 2011 டிஸம்பர் 30-ந் தேதி அடித்த தானே புயலை இங்கே யார் மறப்பார்?

இவ்வளவு அறிந்தவனைக் கடைக்காரர் எளிதில் ஏமாற்ற இயலாது. யந்திரம் மந்தமாகிவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்று சொல்லப்படும் சமயங்களில், பெரும்பாலும் மேஜை சிறிதாயிருப்பதோ பெட்டி பழையதாயிருப்பதோதான் காரணம். ராமை அதிகப்படுத்தி, சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், புது யந்திரத்தின் விலையில் சிறு பங்கிலேயே காரியம் முடியக்கூடும்.

நிற்க. உடலுக்கு உயிர்போன்றது மென்பொருள். யந்திரத்தின் அங்கங்களையெல்லாம் ஏவிநடத்தும் தலைமை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், லினக்ஸ், கைப்பேசியிலுள்ள ஆண்ட்ராய்ட் முதலியன இவ்வகையின. யந்திரத்தை விலைகொடுத்து வாங்குகிறோம். ஆனால் அதை நடத்தும் மென்பொருளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் உபயோகிக்கும் அனுமதி மாத்திரமே. அந்த அனுமதியின் ஷரத்துக்களைப் படிப்பவர் யார்? "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு அப்பால் போகிறோம்.

ஷரத்தை ஆராயாமல் ஒப்புக்கொண்டால் விளைவது யாது என்பதற்குக் கடலூரின் சரித்திரமே சாக்ஷி. 1690-ஆம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையுடன், பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரையிலுள்ள நிலமும் சேரும் என்பது ஏற்பாடு. நாலா திசையிலும் பீரங்கி சுடப்பட்டது. கடலூர்ப் பட்டணமும் சுற்றுப்புறக் கிராமங்களும் குண்டின் எல்லைக்குள் அகப்பட்டுக் கம்பெனியார் வசமாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரே வழங்கலாயிற்று. இன்று கைவிளக்காக உதவும் ஓர் அற்பச் செயலி, நம் தொலைபேசி விலாசங்களையும், ஒலிவாங்கியையும், நாம் இருக்கும் இடத்தையும் அறிய அனுமதி கேட்கிறது. விளக்குக்கு விலாசம் எதற்கு? கேட்பது கோட்டை, கொள்வது குண்டு எட்டும் தூரம் வரை. வேலைக்குத் தேவையில்லாத அனுமதியை மறுத்துவிடுவதே முறை.

இன்னொரு விஷயம். மைக்ரோஸாப்ட் கம்பெனியார் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். தனியே பதிந்துகொள்வோருக்குச் சொற்பகால நீட்டிப்பு உண்டெனினும், பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத யந்திரம் ஓட்டை விழுந்த தோணிக்குச் சமானம். விண்டோஸ் 11 ஏறுவதற்கோ சில புதிய உறுப்புக்கள் அவசியம். நல்ல நிலையிலுள்ள பழைய யந்திரங்கள் பலவற்றில் அவை இல்லை. எங்கோ அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு தீர்மானத்தால், சிதம்பரத்து மாணவனின் உழைக்கக்கூடிய யந்திரம் குப்பையாவதா?

ஆகவேண்டியதில்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் தொடங்கிய க்னூ முயற்சியும், 1991-இல் பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் சேர்ந்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் கூடிய மென்பொருளை உலகுக்குத் தந்துள்ளன. அதை அஸ்திவாரமாகக்கொண்டு நம் சென்னையிலேயே ஸி-டாக் ஸ்தாபனத்தார் பாஸ் என்ற இந்திய இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டார்கள். அண்டைக் கேரளத்தில் சர்க்கார் பள்ளிக்கூடங்கள் பல வருஷங்களாக லினக்ஸைக் கொண்டே கற்பித்துவருகின்றன. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இதிலும் நிதானம் வேண்டும். சுதேசி என்ற பெயரே காவலாகிவிடாது. இவற்றுக்கும் அவ்வப்போது வரும் திருத்தங்களை ஏற்றியே தீரவேண்டும். சில உத்தியோக வேலைகளுக்கான மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே நடக்கும். ஆதலின் ஒரு பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, நமக்கு வேண்டிய வேலைகள் நடக்கின்றனவா என்று பரீக்ஷித்த பின்னரே நிலையாக நிறுவுதல் நலம்.

இனிப் பாதுகாப்பு. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டி முத்திரையிடப்பட்டிருந்தன என்றும், மூவர் வந்தாலன்றித் திறவோம் என்று சொல்லப்பட்டதன்மேல் சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தான் என்றும், உள்ளே கறையான் அரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. பூட்டு உறுதியாகத்தான் இருந்தது, காவலும் குறைவில்லை. வேறிடத்தில் ஒரு பிரதி இல்லாமையே நஷ்டத்துக்குக் காரணம். திருடனைத் தடுக்கும் பூட்டு கறையானைத் தடுக்காது. கணினியிலும் அப்படியே. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும். 2015-இன் வெள்ளத்தைக் கண்ட நாம், கடலூர்ப் பிரதியைச் சிதம்பரத்தில் வைத்துவிட்டு நிம்மதியாயிருக்க முடியாது. கெடிலமும் வெள்ளாறும் ஒரே மழையில் பெருகுகின்றன.

2017 மே 12-ந் தேதி வான்னாக்ரை என்ற நச்சு நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணயப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே வருஷம் மார்ச் மாதத்திலேயே வெளியிடப்பட்டிருந்தது. ஏற்றிக்கொண்டவர்கள் அந்த ஓட்டை வழியே வந்த தாக்குதலுக்குத் தப்பினார்கள்; நாளைக்கு ஆகட்டும் என்றிருந்தவர்களில் பலர் அகப்பட்டார்கள். இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

கடவுச்சொல் விஷயத்தில் கணக்கே நமக்குக் குரு. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களை ஒழுங்கின்றிக் கோத்தால், எட்டெழுத்துச் சொல்லைக் காட்டிலும் பன்னிரண்டெழுத்துச் சொல்லுக்கு 4,56,976 மடங்கு அதிக வகைகள் உண்டு. நான்கு எழுத்துக்கள் கூடியதன் பலன் இது. பிறந்த தேதியையும் பிள்ளையின் பெயரையும் வைப்போர் இப்பலனை வீணாக்குகிறார்கள். ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்போர், ஒரு சாவியால் வீடு, கடை, பெட்டி யாவற்றையும் திறக்க இடம் தருகிறார்கள்.

எல்லாப் பூட்டுக்களையும்விடப் பலவீனமானது மனிதனின் பயமும் ஆசையுமே. பணம் வந்துசேர யூ.பி.ஐ. ரகசிய எண் வேண்டுவதில்லை. அதைக் கேட்பவன் நம் பணத்தை எடுக்கவே கேட்கிறான். போலீஸ் உடையில் திரையில் தோன்றி "டிஜிட்டல் கைது" செய்வதாக மிரட்டுகிறவன் மோசக்காரன். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போய்விடும்.

இவற்றையெல்லாம் கற்க இங்கிலீஷ் வேண்டுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை நமக்குக் கிடைத்தது. யூனிகோட் முறையில் தமிழ் எழுத்துக்களுக்குத் தனி இடம் உண்டு. கருவி தயார், கற்பிப்போர் முன்வருவதுதான் பாக்கி. இது இளைஞர் விஷயம் என்று ஒதுங்கும் பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை: பென்ஷன் பணமும் நிலப் பத்திரமும் உங்கள் பெயரில்தான் இருக்கின்றன.

ஆகவே நாம் வேண்டுவது இது. 1929-இல் ஸ்தாபிக்கப்பட்டு, 2013 முதல் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்துள்ள அண்ணாமலைச் சர்வகலாசாலை, பொதுஜனங்களின் சொத்து. அதன் மாணவர்கள் விடுமுறை நாட்களில் கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வாசகசாலைகளில் ஜனங்களுக்கு இப்பாடத்தைத் தமிழில் நடத்த அதிகாரிகள் ஏற்பாடு செய்யவேண்டும். ஊழியர்களும் சும்மாயிருத்தல் தகாது. ஒவ்வொரு கட்சிக் காரியாலயமும் வாரம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும். முதல் மாலையில் தங்கள் அங்கத்தினர் ஜாபிதாவுக்கு ஒரு பிரதியெடுத்து வேறு ஊருக்கு அனுப்பட்டும். பிறர்க்கு உபதேசிக்கும் தகுதி அதற்குப் பின்னரே உண்டாகும்.