அரைப்பேர் போதுமா?

தோட்டத்திலே பிறந்தவர்க்குப் பட்டியல் என்றால் என்னவென்று எவரும் புதிதாய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால் அன்று வேலையுண்டு, விழாவிட்டால் இல்லை. நிறுவையிலே கொழுந்து குறைந்தால், நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான். கஹவத்தையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலை, றப்பர் மலைகளிலும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பேர்க்கணக்கிலேயே வாழ்ந்துவிட்ட நாம், உலக உதைபந்தாட்டத்திலும் இத்தகையதொரு பேர்க்கணக்கு நடக்கிறதென்று அறியும்போது வியப்புக் கொள்ளவில்லை. வெகுளியே கொள்கிறோம்.

தமிழீழ அணி என்ற பெயரில் ஓர் உதைபந்தாட்ட அணி உண்டு. 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈராக்கின் குர்திஸ்தான் பிரதேசத்தில் நடந்த விவா உலகக் கிண்ணப் போட்டியில் அது களமிறங்கியது. 2014இல் சுவீடனின் ஒஸ்டர்சுண்ட் நகரிலும், 2018இல் இலண்டனிலும் கொனிஃபா நடத்திய உலகப் போட்டிகளில் ஆடியது. ஆடியவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த ஈழத்து அகதிகளின் பிள்ளைகள். அவர்களுக்கு எதிரே நின்றவர்கள் யாவர்? குர்தியர், சன்சிபார்த் தீவினர், டார்பூர் மக்கள், சோமாலியத்துப் பராவா ஊரார். ஃபீஃபா என்னும் உலகச் சம்மேளனத்தின் பட்டியலில் இடமில்லாதவர்களே அத்தனை பேரும்.

இவ்வணியைக் கண்டு முகஞ்சுளிப்போர் பலர். பிரிவினைப் பிரசாரம் என்பார் ஒருவர். நாடில்லாதவனுக்கு அணி எதற்கு என்பார் இன்னொருவர். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர் என்று உபதேசம் செய்வாரும் உளர். இந்தக் கடைசி உபதேசத்தைக் கேட்கும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வருகிறது. கொடியும் தேசிய கீதமுமாக அரசியலைக் களத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்தியவர் யார்? டார்பூர் அகதியா?

நாடிருந்தால்தான் அணி என்பது நேர்மையான விதியாயின், அதை எல்லோர்க்கும் ஒப்பவே அளந்திருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் 193. ஃபீஃபாவின் உறுப்புச் சங்கங்களோ 211. உலகத்து அரசுகளிலும் உலகத்து அணிகள் மிகுதியானது எவ்வாறு? ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி அணியுண்டு, தனியரசு இல்லை. டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட பரோத் தீவுகளுக்கு அணியுண்டு. கரீபியக் கடலில் பிரித்தானியாவின் ஆளுகையிலுள்ள மொன்செராட் என்னும் சிறுதீவில் ஐயாயிரம் பேர்கூட இல்லை. நம் மாவட்டத்துத் தோட்டங்கள் சிலவற்றின் லயங்களை எண்ணினாலே அத்தொகை தேறிவிடும். அதற்கும் அணியுண்டு, பட்டியலில் இடமுண்டு. ஐ.நா. சபைக்குள் நுழைய முடியாத கொசோவோவுக்கு 2016இல் ஃபீஃபா கதவைத் திறந்தது. கொசோவோவுக்குக் கிடைத்ததை நாம் மனமார வாழ்த்துகிறோம். ஆனால் கதவு திறந்தது விதியினாலன்று, வல்லரசுகள் சிலவற்றின் துணையினால் என்பதை மறைப்பானேன்?

தனியரசு இல்லாத பிரதேசமும் சேரலாம், ஆயின் அதனை ஆளும் நாட்டின் சங்கம் இசைவு தரவேண்டும் என்பது ஃபீஃபாவின் நிபந்தனை. தமிழீழ அணிக்குக் கொழும்பு இசைவு தரவேண்டுமாம்! ஆட்டுக்குட்டியின் மனுவில் ஓநாயின் கையொப்பம் வாங்கிவரச் சொன்ன கதைதான். அந்தக் கொழும்புச் சம்மேளனத்தின் நிலைதான் என்ன? அரசியல் தலையீட்டைக் காரணங்காட்டி 2023 ஜனவரியில் ஃபீஃபா அதனைத் தடைசெய்தது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் இலங்கை அணியும் தமிழீழ அணியும் ஒரே வாசலின் வெளிப்புறத்தில் நின்றிருந்தன. நம் பத்திரிகைகளில் எதுவும் இதனைச் சொல்லிச் சிரிக்கவில்லை என்பதே நமக்குக் குறை.

சிரிப்புக்கு இடமில்லாத செய்தி ஒன்றுண்டு. 1983 ஆகஸ்டில் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம், இலங்கையின் ஆள்புலத்துள் தனியரசு அமைவதை ஆதரிப்பதையும் ஊக்குவிப்பதையும் குற்றமாக்கியது. உள்நாட்டில் செய்தாலும் வெளிநாட்டில் செய்தாலும் குற்றமே. குடியுரிமைகளும் சொத்தும் பறிபோகலாம். இச்சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. டொரண்டோவில் வாழும் இளைஞன் அந்தச் சட்டையை அணிந்து ஆடிவிட்டு வீடு திரும்பலாம். கஹவத்தை இளைஞன் அணிந்தால் திரும்பும் இடம் வீடாய் இருக்குமா என்பது ஐயமே. ஆகவே இவ்வணி புலம்பெயர்ந்தோர் அணியாய் மட்டும் இருப்பது அவர்கள் விருப்பத்தால் வந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இதுவரை அணியின் பக்கம் நின்று பேசினோம். இனி அணியோடு பேச வேண்டியிருக்கிறது.

தமிழீழம் என்று வரையப்படும் படம் வடக்கும் கிழக்கும். சப்பிரகமுவ அதில் இல்லை, இரத்தினபுரி இல்லை, கஹவத்தை இல்லை. படத்துக்கு வெளியே நிற்பவர் அணிக்கும் வெளியேயா? 1976 மே மாதம் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தனியரசின் நிலம் வடக்குக் கிழக்கு என்று வரையறுத்த அதே தீர்மானம், இலங்கையின் எப்பாகத்தில் வாழும் தமிழ்பேசும் மக்களும் விரும்பினால் அவ்வரசின் சம குடிமக்கள் ஆகலாம் என்றும் உறுதி கூறுகிறது. மலையகத் தலைமை அத்தீர்மானத்தின் தனியரசுக் கோரிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதும் உண்மை. அந்தப் பழைய வழக்கை நாம் இங்கே கிளறவில்லை. எழுதிய காகிதத்தில் எமக்கு முழுப்பேர் போட்டிருக்கிறது. களத்திலே அரைப்பேரேனும் விழுந்ததா என்றே கேட்கிறோம்.

கேட்கும் உரிமை எமக்கு எங்கிருந்து வந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் எம் பிரசாவுரிமையைப் பறித்தது. அந்த அநீதியை முன்னிட்டு எழுந்த பிளவிலேதான் 1949இல் தமிழரசுக் கட்சியே பிறந்தது. இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்று அந்நாளில் செல்வநாயகம் விடுத்த எச்சரிக்கை ஈழத்தமிழ் அரசியலின் முதல் பாடம். 1977இலும் 1981இலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்ட லயங்கள் தாக்கப்பட்டன. உடுத்த துணியோடு புறப்பட்ட எம் உறவினர் எங்கே போனார்கள்? வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். காந்தியம் இயக்கம் அவர்களை அங்கே குடியமர்த்தியது. அவ்வியக்கத்தின் வைத்தியர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். காடு திருத்திக் குடியேறிய அம்மக்கள், பின்வந்த போர் ஆண்டுகளில் எல்லைக் கிராமங்களின் முதல் வரிசையில் நின்றனர்; 2009இல் வன்னியிலே மாண்டோரின் நடுவிலும் அவர்கள் இருந்தனர். சாவுப் பட்டியலில் ஈழத்தவராய்ச் சேர்த்துக்கொண்டவரை ஆட்டப் பட்டியலில் தோட்டக்காட்டான் என்று நிறுத்திவிடலாகாது. அச்சொல் வடக்கிலே வழங்கவில்லை என்று எவரும் எமக்குச் சாதிக்க வேண்டாம். அதனைக் கேட்ட காதுகள் இங்கே பல உண்டு.

ஒஸ்டர்சுண்டில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2014 ஜூன் மாதத்தில் குர்திஸ்தான் அணியிடம் ஒன்பது கோல் வாங்கித் தோற்ற தமிழீழ அணி, அதே போட்டியில் டார்பூரைப் பத்துக்குப் பூச்சியம் என்று வென்றது. இவ்வணியின் பெரிய வெற்றி அதுவே என்பர். டார்பூர் அணியினர் சாட் நாட்டு அகதி முகாம்களிலிருந்து வந்த இளைஞர். அந்தப் பத்துக் கோலைப் பெருமையாய்ப் பேச எமக்கு நாவெழவில்லை. பட்டியலுக்கு வெளியேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. கனடாவில் புல்தரை மைதானத்தில் பழகியவனும் முகாம் மணலில் பழகியவனும் சமமாகிவிட மாட்டார்கள். அந்த மணலில் நிற்பவன் எப்படிப்பட்டவன் என்பது றப்பர் மரங்களுக்கிடையே பந்துதைக்கும் எம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

2018இல் இலண்டனில் ஆடிய பதினாறு அணிகளுள் ஒன்றின் கதையை எம்மவர் அறிந்துகொள்ளல் நன்று. யப்பானில் வாழும் கொரியர்களின் அணி அது. கொரியா யப்பானின் அடிமை நாடாயிருந்த காலத்தில் தொழிலுக்காகக் கடல்கடந்து வந்தவரும் கொண்டுவரப்பட்டவருமான மக்கள். 1952இல் சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது யப்பானியக் குடியுரிமையை இழந்தவர்கள். 2010 உலகக் கிண்ணத்தில் வடகொரியாவுக்காக ஆடிய அன் யொங் ஹாக், யப்பானிலே பிறந்தவர். இலண்டனில் அவ்வணியை நடத்தி, தாமும் அதில் ஆடினார். அவர்கள் எந்த நிலத்தையும் கேட்கவில்லை. எந்த அரசையும் பிரிக்கவில்லை. நாங்கள் இருக்கிறோம், எங்கள் பெயர் இது என்று மட்டும் சொன்னார்கள். இந்த வரலாற்றைப் படித்துவிட்டு எம் பாட்டன்மார் கதையை நினையாமல் இருக்க முடியுமா?

மலையகம் என்ற பெயரில் ஓர் அணி ஏன் எழக்கூடாது? அப்பெயரை ஆறாவது திருத்தம் தொடாது. கொனிஃபா கேட்பது அரசையன்று, மக்கள் கூட்டத்தை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிவானோர் மட்டும் எட்டு இலட்சத்துக்கு மேல். பதிவாகாத பாதியையும் மறக்கலாகாது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எம்மை இலக்கமாக எண்ணிப் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக. அண்ணன் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனான். தம்பி கஹவத்தையில் தங்கினான். சித்தப்பன் வவுனியாவுக்கு ஓடினான். கடவுச்சீட்டைப் பார்த்து ஆள் சேர்க்கும் ஃபீஃபாவின் எந்த அணியிலும் இம்மூவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் ஒருபக்கம் நின்று ஆடவே முடியாது. பட்டியலுக்கு வெளியேதான் முடியும்.

இது நடவாத காரியம் என்பார் எம்முள்ளேயே இருப்பர். அவர்கள் சொல்வதில் ஓரிடத்தில் நியாயம் உண்டு: மைதானம் ஏது? தோட்ட நிலம் அரசுடையது. 1992 முதல் அதனைக் குத்தகைக்கு வைத்திருப்பவை கம்பெனிகள். மட்டமான நிலமெல்லாம் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும். சரிவெல்லாம் செடிக்கும் மரத்துக்கும். பிள்ளைகளுக்கு எஞ்சியது பிரட்டுக்களம், அதுவும் பேர் கூப்பிடாத நேரத்தில். ஓங்கி உதைத்தால் பந்து பள்ளத்தில். தேர்தல் தோறும் சீருடையும் பந்தும் கொணர்ந்து படம் பிடித்துக்கொள்ளும் கனவான்களே, பந்தை நாமே வாங்கிக்கொள்வோம். குத்தகைக் காகிதத்திலிருந்து தோட்டத்துக்கு இரண்டு ஏக்கரை விடுவித்து, மக்கள் பெயரில் எழுதித் தாருங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், உறுதிப் பத்திரமாக வேண்டும்.

தமிழீழ அணியை நடத்தும் அன்பர்களிடம் கேட்பதும் ஒன்றுண்டு. அடுத்த தெரிவுக்கு ஆள் அழைக்கும்போது, புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் மலையக வம்சத்துப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழையுங்கள். வன்னி வழியாக வந்தவர்கள் உங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அழைத்தீர்களா, இல்லையா என்பதை அறிவித்தால் அதனையும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம். மலையக அணி எழும் நாளில் முதல் ஆட்டத்துக்கு உங்களையே அழைக்கிறோம்.