சான்ஸ்தான் நெஸ்ஸா? 'அண்டர்டேல்' ரசிகர்களின் பிரபலமான தியரி எங்கே சறுக்குகிறது?

நீல ஜாக்கெட், காலில் செருப்பு, எப்போதும் இளித்த முகம். 2015-ல் வெளிவந்த 'அண்டர்டேல்' கேமை விளையாடியவர்களுக்கு இந்தக் குட்டை எலும்புக்கூட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பெயர் சான்ஸ். ('ஒரு சான்ஸ் கொடுங்க'ன்னு கேட்போமே, அந்த சான்ஸ் இல்லைங்க.) மொக்கை ஜோக் அடிப்பார், டியூட்டி நேரத்தில் தூங்குவார். ஆனால் எல்லோரையும் கொன்றுகொண்டே போகும் வழியில் விளையாடினால், கடைசியில் வழிமறிப்பவரும் அவர்தான். அந்தக் கேமிலேயே ஜெயிக்க ரொம்பக் கஷ்டமான ஆள்.

இவர் உண்மையில் யார்? 2016-ல் யூடியூபர் மேட்பேட் ஒரு பதில் சொன்னார். 1994-ல் ஜப்பானில் வந்த 'எர்த்பவுண்ட்' கேமின் சிறுவன் நெஸ்தான் இந்த சான்ஸ் என்றார். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. (கேமை முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி எல்லாமே ஸ்பாய்லர்.)

தியரியை லேசாகத் தள்ளிவிட முடியாது. 'எர்த்பவுண்ட்' கிளைமாக்ஸில் நெஸ்ஸும் நண்பர்களும் காலத்தில் பின்னோக்கிப் போகிறார்கள். உயிருள்ள உடல் அந்தப் பயணத்தைத் தாங்காது என்பதால், அவர்களுடைய ஆன்மாவை ரோபோக்களுக்குள் மாற்றி அனுப்புகிறார்கள். ஒருவேளை அதில் ஏதோ கோளாறாகி, நெஸ் வேறொரு உலகில் எலும்புக்கூடாக வந்து விழுந்திருந்தால்? சான்ஸும் பாபைரஸும் ஒருநாள் திடீரென்று ஊருக்கு வந்தவர்கள் என்று ஸ்னோடின் கடைக்காரம்மா சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரகசிய அறையில் ஒரு உடைந்த இயந்திரம் கிடக்கிறது. நெஸ் டெலிபோர்ட் செய்வான்; சான்ஸுக்கும் எங்கே போனாலும் ஒரு 'ஷார்ட்கட்' உண்டு. எல்லாவற்றையும் விட, இறுதிச் சண்டையில் 'திரும்பிப் போகும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன்' என்ற பொருளில் சான்ஸே பேசுகிறார். எங்கே திரும்பிப் போக?

இந்த இடத்தில் எனக்கும் புல்லரித்தது உண்மை. ஆனாலும் தியரி நிற்காது என்பதே என் கட்சி.

ரசிகர்கள் அடிக்கடி நீட்டும் ஆதாரம், சான்ஸின் சண்டையில் ஒலிக்கும் 'மெகலோவேனியா' இசை. அண்டர்டேலை உருவாக்கிய டோபி ஃபாக்ஸ், 2008-ல் 'எர்த்பவுண்ட்' கேமையே மாற்றி ஒரு ஹாலோவீன் பதிப்பு செய்தார். அந்த இசை முதலில் வந்தது அதில்தான். பார்த்தீர்களா, தொடர்பு! ஆனால் அதிலும் அது நெஸ்ஸுக்கான இசை இல்லை. டாக்டர் ஆண்டோநட்ஸ் என்ற விஞ்ஞானியோடு நடக்கும் சண்டைக்கானது. பிறகு 'ஹோம்ஸ்டக்' காமிக்ஸுக்கும் அதே இசை போனது. அதற்காக அந்தக் கதை ஆட்களும் நெஸ் ஆகிவிடுவார்களா?

தியரி இங்கேதான் வழுக்குகிறது. இந்தத் தடயங்கள் எல்லாம் எழுதியவரைக் காட்டுகின்றன, கதாபாத்திரத்தைக் காட்டவில்லை. டோபி ஃபாக்ஸ் 'எர்த்பவுண்ட்' வெறியர். அதன் வாடை அவருடைய கேம் முழுக்க வீசத்தான் செய்யும். ஒரே இசையமைப்பாளரின் ட்யூன் இரண்டு படத்தில் கேட்டால், 'ரெண்டு ஹீரோவும் ஒரே ஆளு'ன்னு நாம சொல்றதில்லையே.

அடுத்து, பாபைரஸ் யார்? நெஸ்ஸுக்கு ட்ரேசி என்ற தங்கை மட்டும்தான், தம்பி கிடையாது. சான்ஸ், பாபைரஸ் இரண்டுமே எழுத்துருக்களின் பெயர்கள், அவர்கள் பேசும் வசனமும் அந்தந்த எழுத்துருவிலேயே வரும். காணாமல் போன விஞ்ஞானி கேஸ்டரின் பெயரும் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவை நினைவூட்டுகிறது. அண்ணன் தம்பிக்குச் சொந்தம் தேட வேண்டுமென்றால் கைக்கெட்டும் தூரத்தில் இவர் இருக்கிறார். மேலும், 'எர்த்பவுண்ட்' முடிவில் நெஸ் பத்திரமாக வீடு திரும்பிவிடுகிறான். அந்தக் கடைசி நடையை நடத்திவைப்பதே விளையாடுகிற நாம்தான்.

அப்படியென்றால் 'திரும்பிப் போவது'? விளையாடுபவர் ரீசெட் அழுத்தும்போதெல்லாம் காலம் அழிந்து முதலிலிருந்து தொடங்குவதை சான்ஸ் தெரிந்துவைத்திருக்கிறார். எவ்வளவு உழைத்தாலும் நாளைக்கே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தெரிந்தவன் எதற்கு உழைப்பான்? அந்தச் சோம்பலுக்கும் சிரிப்புக்கும் பின்னால் இருக்கும் களைப்பு இது. 'அவன்தாம்ப்பா நெஸ்' என்று முடித்துவிட்டால், இந்தக் கனம் ஒரு கெஸ்ட் ரோல் சர்ப்ரைஸாகச் சுருங்கிப்போகிறது. எனக்கு உண்மையில் எரிச்சல் அதில்தான்.

ரகசிய அறையில் ஒரு கிறுக்கல் படமும் உண்டு. அதில் சிரிக்கும் மூன்று பேர், கூடவே 'மறந்துவிடாதே' என்ற வரி. நெஸ்ஸின் மூன்று நண்பர்கள்தான் அது என்று 2016-ல் சத்தியம் செய்தார்கள். 2018-ல் டோபி ஃபாக்ஸின் 'டெல்டாரூன்' முதல் அத்தியாயம் வந்தது. அதில் நாயகர்கள் மூன்று பேர், முடிவில் ஒலிக்கும் பாட்டின் தலைப்பும் அதே 'மறந்துவிடாதே'. உடனே படத்தில் இருப்பவர்கள் ஆள் மாறிவிட்டார்கள்! அந்தக் கேமிலும் சான்ஸ் இருக்கிறார். ஊருக்குப் புதிதாக வந்து கடை வைத்திருக்கிறார். எங்கிருந்து வந்தார் என்று அங்கேயும் சொல்லவில்லை.