பழைய கார் சங்க வரலாற்றில் பட்டறைக்காரர் எங்கே?

நண்பர்களே, இது நீண்ட பதிவு. முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். கோபம் வருகிறவர்கள் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் கோவைப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை. அதில் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரண்டு பேர் என் பழைய மாணவர்கள். வெள்ளிவிழா மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். "நீங்க ஹிஸ்டரி வாத்தியார், நீங்க எழுதினாத்தானுங்க எடுபடும்" என்றார்கள். புகழ்ச்சிக்கு மயங்காத வாத்தியார் உண்டா? ஒப்புக்கொண்டேன்.

மூன்று மாதம் அலைந்தேன். கூட்டக் குறிப்பேடுகளைப் படித்தேன். பழைய போட்டோக்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். உரிமையாளர்களைச் சந்தித்தேன். "வண்டியை ஓடவெச்சது யாருங்க?" என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு பட்டறையைக் கைகாட்டினார்கள். அந்தப் பட்டறைகளுக்கும் போனேன். மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், லேத் ஓட்டுகிறவர், சீட் தைக்கிறவர் என்று பதினொரு பேரிடம் உட்கார்ந்து பேசினேன். இருபத்து நான்கு பக்கம் எழுதினேன். அதில் ஒன்பது பக்கம் இவர்களைப் பற்றி.

மலர் அச்சாகி வந்தது. பளபள தாள். யார் யார் கொடியசைத்தார்கள் என்பது இருந்தது. யாருடைய தாத்தா எந்த ஜமீனிடம் வண்டியை வாங்கினார் என்பது இருந்தது. என் ஒன்பது பக்கம் இல்லை. கடைசிப் பக்கத்தில், கேட்டரிங்குக்கும் பந்தலுக்கும் நன்றி சொன்ன பட்டியலில், "மெக்கானிக்குகளுக்கும் நன்றி" என்று ஒரு வரி.

கேட்டேன். பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சார், எழுதினது ரொம்ப நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா மலரைக் கையில எடுக்கறவங்க காரைப் பாக்கத்தானுங்க எடுக்கறாங்க. கிரீஸ் கையை யாருங்க பாப்பாங்க?"

அவருக்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்னப் பாடம். பழைய கார் சங்கம் என்ற வழக்கம் பிரிட்டனில் வேர்விட்டது. 1896-ல் மோட்டார் வண்டிகளின் வேகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது, அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வண்டிகள் ஓட்டினார்கள். 1927-ல் அந்த நினைவாக மறுபடி ஓட்டினார்கள். 1930-ல் வெட்டரன் கார் கிளப் பிறந்தது. 1934-ல் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் பிறந்தது. அந்த இரண்டாவது சங்கத்தை யார் ஆரம்பித்தார்கள் தெரியுமா? புதுக் கார் வாங்கப் பெரிய வசதி இல்லாத இளைஞர்கள். 1930-க்குப் பிறகு வந்த வண்டிகளில் தரம் குறைந்துவிட்டது என்று கருதி, அதற்கு முந்தைய வண்டிகளைத் தாங்களே பழுது பார்த்து ஓட்டியவர்கள். இன்று நாம் பெருமையோடு சொல்கிற "விண்டேஜ்" என்ற வகையே பெரும் பணக்காரர்களின் கூடத்தில் பிறந்தது அல்ல.

இந்தியாவில் 1964-ல் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை டெல்லியில் பழைய கார் ஊர்வலம் தொடங்கியது. இங்கே ராஜாக்கள், ஜமீன்கள், மில் முதலாளிகள் என்று கதை வேறு திசையில் போனது. கார் என்றால் உரிமையாளர், உரிமையாளர் என்றால் குடும்பப் பெருமை. சங்க வரலாறு என்பது வம்சாவளி ஆகிவிட்டது.

ஆனால் ஒரு கார் ஐம்பது வருடம் கழித்து ஓடுகிறது என்றால், அது வாங்கிய நாளின் கதை அல்ல. வாங்கியதற்குப் பிறகு வந்த ஐம்பது வருடத்தின் கதை. வாங்குவதற்குப் பணம் போதும். ஓடவைக்க என்ன வேண்டும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே சொல்கிறேன்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனத்தில் 1961-லிருந்து தயாரான கார். இத்தாலிக்காரர் மிக்கலொட்டி வடிவமைத்த பிரிட்டிஷ் வண்டி. முன்பக்க பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் சாய்த்தால் இன்ஜினும் முன் சக்கரமும் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்.

பிரிட்டனில் இந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. பின் சீட்டில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஏற வேண்டிய நாட்டில் இரண்டு கதவு எப்படிச் செல்லுபடியாகும்? பிறகு அதே வண்டியின் வழியில் கெசல் வந்தது. அதில் பின் அச்சையே மாற்றினார்கள். ஆக, நாம் "ஒரிஜினல்" என்று துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் நாலு கதவு ஹெரால்டே, ஒரு வெளிநாட்டு வண்டியை நம் ஊர்க்காரர்கள் மாற்றிய மாற்றம்தான்.

அந்தத் தொழிற்சாலையில் 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பு நின்றுபோனது. தாய்வீடு மூடிய பிறகும் அந்த வண்டிகள் இன்று ஊர்வலத்தில் வருகின்றன. ஸ்பேர் எங்கிருந்து வந்தது? லேத் பட்டறையிலிருந்து வந்தது. பவுண்டரியிலிருந்து வந்தது. பழைய இரும்புக் கடையில் குப்பையைக் கிளறி, "இது ஹெரால்ட் சாமானாச்சே" என்று கண்டுபிடித்த ஒரு கண்ணிலிருந்து வந்தது.

இப்போது "ஒரிஜினல்" என்ற அந்த வார்த்தைக்கு வருகிறேன். என் சண்டை முக்கியமாக அதனோடுதான்.

2021-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் ஓட்டலாம். இதெல்லாம் சரி. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. சங்கங்களின் பரிசுப் போட்டிகளிலும் இதே அளவுகோல்தான்.

இந்த அளவுகோலை வைத்து ஒரு அம்பாசடரைப் பாருங்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டாக்ஸிக்காரர் அதில் மட்டடோர் டீசல் இன்ஜினை இறக்கியிருப்பார். நம் ஊரில் எத்தனை அம்பாசடர் அப்படி ஓடியது என்று வயதானவர்களுக்குத் தெரியும். அந்த இன்ஜின் தானாகப் போய் உட்காராது. மவுண்டிங் மாற்ற வேண்டும், முன் ஸ்பிரிங்கைப் பலப்படுத்த வேண்டும், கியர் பாக்ஸோடு பொருத்த வேண்டும். வரைபடம் இல்லாமல், சாக்பீஸால் தரையில் கோடு போட்டு இதைச் செய்தார்கள். அந்த வண்டிதான் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது, எத்தனையோ பிரசவத்துக்கு ஓடியது. போட்டியில் அதற்கு மதிப்பெண் பூஜ்யம். ஷெட்டில் முப்பது வருடம் தார்ப்பாய் மூடிக் கிடந்த வண்டிக்கு முதல் பரிசு.

உழைத்த வண்டி தகுதியிழக்கிறது. தூங்கிய வண்டி தகுதி பெறுகிறது. இதை வரலாறு என்று எப்படி ஒப்புக்கொள்வது? உழுதவன் பெயர் இல்லாமல் பட்டாதாரர் பெயர் மட்டும் இருக்கும் பதிவேட்டை நாம் நிறையப் பார்த்தவர்கள்தானே.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் அதைத்தான் கற்றுக்கொடுத்தேன். "அளவுகோல் இல்லாவிட்டால் எவன் வேண்டுமானாலும் மாருதி இன்ஜினைப் போட்டு விண்டேஜ் என்பான். போலி பெருகும். 1930-ல் ஒரு வண்டி எப்படி இருந்தது என்று தெரியாமலே போய்விடும்" என்கிறார்கள். நியாயம். மூல வடிவில் காத்த வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. அதைக் குறைக்கச் சொல்லவில்லை. நேற்று ஸ்டைலுக்காக அலாய் வீல் மாட்டியதும், 1980-ல் பிழைப்புக்காக டீசல் இன்ஜின் இறக்கியதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன். எந்த வருடம், யார், ஏன் மாற்றினார்கள் என்று எழுதி வைத்தால் அந்த மாற்றமே ஒரு ஆவணம். எழுதாமல் விட்டால்தான் அது போலி. பட்டறைக்காரர் பெயரை வெட்டியவர்கள்தான் அந்த ஆவணத்தையும் வெட்டுகிறார்கள்.

இது கோவையில் நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாமல், கழற்றிப் பார்த்துக் கற்றவர். அவர் குடும்பத்தார் அவினாசி சாலையில் 2015-ல் கார் அருங்காட்சியகமே திறந்திருக்கிறார்கள். சோழவரம் காலத்திலிருந்து ரேஸ் காரை உள்ளூரிலேயே கட்டி ஓட்டிய கரிவரதனின் ஊரும் இதுதான். கிரீஸ் கையால் எழுந்த ஊர், கிரீஸ் கையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறது.

இனி சொல்வதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த மலரைப் போலத்தான்.

பதினொரு பேரைச் சந்தித்தேன் என்றேன். அதில் ஒருவர் என் மாணவர். 1986-ல் ஒன்பதாம் வகுப்பு. என் பாடத்திலேயே பன்னிரண்டு மதிப்பெண். விடைத்தாளைக் கொடுக்கும்போது வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "நீயெல்லாம் பட்டறையில ஸ்பேனர் புடிக்கத்தான் லாயக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை.

பட்டறைக்குள் நான் நுழைந்ததும் அவர் எழுந்து, பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், உக்காருங்க" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். ஒரு ஹெரால்டின் முன் சக்கரம் கழற்றிக் கிடந்தது. உள்ளே வெண்கலத்தில் ஒரு சாமான். டிரன்னியன் என்றார்.

"இதுக்குக் கிரீஸ் அடிச்சாப் போச்சுங்க சார். கியர் ஆயில்தான் ஊத்தோணும். கிரீஸ் கட்டியாயிருச்சுன்னா மரை தேஞ்சு, ஒருநா வீலு அப்படியே மடிஞ்சிரும். ஓட்டறவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க, திடீர்னு ஆகும்."

புது டிரன்னியன் கிடைக்காத காலத்தில் கன்மெட்டலில் வார்த்து, லேத்தில் கடைந்து, மரை வெட்டி, இதுவரை நாற்பதுக்கு மேல் செய்து போட்டிருக்கிறாராம். அளவு எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கூட வேலைக்குப் பையன் யாரும் இல்லை. "யாருங்க சார் வர்றாங்க? எம் பையனே வேண்டாங்கறான்."

ஒரு மணி நேரம் அவர் பாடம் நடத்தினார், நான் குறிப்பெடுத்தேன். 1986-ல் நான் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த ஒன்பது பக்கத்தில் இரண்டு பக்கம் அவருடையது. மலர் வந்ததும் ஒரு பிரதி கேட்டிருந்தார். இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. எந்த முகத்தோடு கொடுப்பது?

அவருக்குக் கண்ணாடி போட்டும் பார்வை மங்குகிறது. இன்னும் சில வருடம். அதன்பின் அந்த அளவு எங்கே இருக்கும்? அந்த நாற்பது வண்டிகளின் முன் சக்கரம் யாரை நம்பி உருளும்? சங்கத்தாரே, உங்கள் காரின் நலனுக்காகவாவது யோசியுங்கள்.

குறை சொல்லிவிட்டு எழுந்து போவது என் வழக்கமல்ல. நான்கு வேலை சொல்கிறேன்.

ஒன்று: ஊர்வலத்தில் ஒவ்வொரு வண்டியின் முன்னும் அட்டை வைக்கிறீர்கள். மாடல், வருடம், உரிமையாளர் என்று மூன்று வரி. நாலாவது வரியாகப் பட்டறைக்காரர் பெயர் போடுங்கள். செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு: ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு. என்ன மாற்றினோம், எப்போது, யார் செய்தது, என்ன அளவு. பழைய மாற்றங்களையும் கேட்டு எழுதுங்கள்.

மூன்று: போட்டியில் மூல வடிவத்துக்கு ஒரு பரிசு இருக்கட்டும். உழைத்துப் பிழைத்த வண்டிக்கு இன்னொரு பரிசு வையுங்கள். அதை மேடையில் உரிமையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து வாங்கட்டும்.

நான்கு: வருடத்துக்கு இரண்டு ஐடிஐ பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து இந்தப் பட்டறைகளில் உட்கார வையுங்கள். ஒரு விழாவின் பந்தல் செலவு போதும்.

என் பங்குக்கு, வெட்டப்பட்ட ஒன்பது பக்கத்தையும் இங்கேயே தொடராகப் போடுகிறேன். அவரவர் அனுமதியோடுதான் பெயர் போடுவேன். வாரம் ஒருவர். முதல் வாரம் டிரன்னியன்.

அதற்கு முன் ஒரு நடை அந்தப் பட்டறைக்குப் போகிறேன். மலர் கொண்டுபோகப் போவதில்லை. 1986-ல் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னதற்கு, இன்று இத்தனை பேர் பார்க்கும்படி இங்கே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நேரிலும் கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில், உங்கள் அப்பாவின் வண்டியை ஓடவைத்தவர் யார்? கீழே எழுதுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தச் சாக்கிலாவது ஒரு தடவை போய்ப் பார்த்த மாதிரி இருக்கும்.